பல்சாருக்குப் பக்கத்தில் ஒரு மங்கல் புள்ளி

பல்சார் என்றதும் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை சுழலும் நட்சத்திரம், அணுக்கடிகாரத்தோடு போட்டி போடும் துல்லியம் என்றுதான் பேச்சு போகும். அது நியாயம்தான். ஆனால் இப்படிச் சில மில்லிசெக்கனில் ஒரு சுற்றை முடிக்கும் மில்லிசெக்கன் பல்சார்களில் பெரும்பாலானவை தனியாக இல்லை. கூடவே ஒரு துணை சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தத் துணை பல இடங்களில் ஒரு வெண்குறுமீன், அதாவது எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தின் மிச்சம். பல்சாரின் திணிவு எவ்வளவு, வயது எவ்வளவு, அந்த வேகம் அதற்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கு நம்மிடம் உள்ள நல்ல பதில்களில் பல அந்தத் துணையை விசாரித்துப் பெற்றவை. அதைச் சாதாரண ஒளியில் தேடிப் பிடித்து எப்படிப் படிக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைக்கு விளங்காத கணிதம் இதில் எதுவும் இல்லை.

முதலில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். மார்கழி, தை மழை ஓய்ந்து வானம் வெளுத்த பிறகு, பெப்ரவரி நடுப்பகுதியில் இரவு எட்டரை மணியளவில் உப்புவெளிக் கடற்கரையில் தெற்கு முகமாக நில்லுங்கள். உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே பளீரென்று எரிவது சிரியஸ். இரவு வானத்தில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் இல்லை. அதற்குக் கீழே, அடிவானத்திலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்தில் இருப்பது நம்மவர்கள் அகத்தியர் என்று சொல்லும் கனோபஸ். கையை நீட்டிப் பிடித்து, அகத்தியரிலிருந்து வலப்பக்கமாக ஏறக்குறைய ஒரு சாண் அளந்து பாருங்கள். விரல் நுனி படும் இடத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் தெரியாது. அது பிக்டர் என்ற சின்ன உடுத்தொகுதி. நமக்கு மிக அருகிலுள்ள மில்லிசெக்கன் பல்சார்களில் ஒன்று அந்த இருட்டில்தான் இருக்கிறது.

அதன் பெயர் பிஎஸ்ஆர் ஜே0437−4715. பார்க்கத் தொலைபேசி இலக்கம் மாதிரி இருந்தாலும் அது ஒரு முகவரி. முதல் நான்கு இலக்கங்கள் வானத்தின் நெட்டாங்கு: 4 மணி 37 நிமிடம். அடுத்தது அகலாங்கு: வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 47 பாகை 15 கலை. திருகோணமலை பூமத்திய கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருப்பதால், இந்த இடம் நமக்கு அடிவானத்திலிருந்து 34 பாகை வரை உயர்ந்து வரும். இலண்டனில் இருப்பவருக்கு அது எழவே எழாது.

இந்தப் பல்சார் 1993 இல் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோத் தொலைகாட்டியால் கண்டறியப்பட்டது. செக்கனுக்கு 173 தடவைக்கு மேல் சுழல்கிறது. 5.74 நாளுக்கு ஒரு முறை அதுவும் அதன் துணையும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. தூரம் ஏறக்குறைய 510 ஒளியாண்டு. போர்த்துக்கீசர் 1622 இல் கோணேசர் கோயிலை இடிப்பதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே அங்கிருந்து புறப்பட்ட ஒளிதான் இன்று நம் கடற்கரைக்கு வந்து சேர்கிறது. அதில் கண்ணுக்குரிய ஒளி அநேகமாக முழுவதும் துணையிலிருந்து வருவது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தை விடவும் அந்தத் துணை ஏறக்குறைய பத்து இலட்சம் மடங்கு மங்கல்.

செத்த நட்சத்திரங்கள் இரண்டு

சூரியனைப் போன்ற நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்ததும் வெளிப்படலங்களை ஊதித் தள்ளிவிடும். எஞ்சும் சூடான உள்ளகம்தான் வெண்குறுமீன். அதற்குள் புதிதாக வெப்பம் உண்டாக்கும் வேலை ஏறக்குறைய நின்றுவிட்டது. மிச்சமிருக்கும் சூட்டை மெல்ல மெல்ல வெளியே விட்டபடி கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஆறிக்கொண்டே இருக்கும். இதற்கு ஒரு திணிவு எல்லை உண்டு என்பதை 1930 இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியிலேயே கணக்கிடத் தொடங்கியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. ஏறக்குறைய 1.4 சூரியத் திணிவுக்கு மேல் எந்த வெண்குறுமீனும் தன் பாரத்தைத் தானே தாங்காது.

இன்னும் பெரிய நட்சத்திரம் வெடித்துச் சிதறும்போது அதன் உள்ளகம் இதைவிட மோசமாக நசுங்கிப்போகும். அதுதான் நியூத்திரன் நட்சத்திரம். சூரியனைவிட அதிகத் திணிவு, ஆனால் விட்டம் 20 முதல் 25 கிலோமீற்றர்தான். திருகோணமலை நகரத்தில் ஒரு முனையை வைத்தால், மறுமுனை நிலாவெளியைத் தாண்டி, குச்சவெளிக்குப் போகுமுன்னமே முடிந்துவிடும். அது சுழலும்போது அதன் காந்த முனைகளிலிருந்து வரும் ரேடியோக் கற்றை நம் பக்கம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் நமக்கு ஒரு துடிப்பு கேட்கும். அப்படித் துடிப்பதைத்தான் பல்சார் என்கிறோம். 1967 இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல் முதன்முதலில் கவனித்த பல்சார் 1.3 செக்கனுக்கு ஒரு தடவை துடித்தது.

பிறகு 1982 இல் டொன் பேக்கர், ஷ்ரீனிவாஸ் குல்கர்ணி முதலானோர் செக்கனுக்கு 642 தடவை சுழலும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதுவே முதல் மில்லிசெக்கன் பல்சார். சாதாரண பல்சார் வயது போகப் போக மெதுவாகும். இது மட்டும் எப்படி இந்த ஓட்டம் ஓடுகிறது? அதே 1982 இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள். ஒன்று அல்பார், செங், ருடர்மன், ஷாகம் ஆகியோர் அமெரிக்காவில். மற்றது பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் வி. இராதாகிருஷ்ணனும் ஜி. சீனிவாசனும். கிழடாகி மெதுவாகிப்போன நியூத்திரன் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு துணை நட்சத்திரம் இருந்து, அது முதுமையில் ஊதிப் பெருத்தால், அதன் பொருள் நியூத்திரன் நட்சத்திரத்தின் மீது வழிந்து விழும். சுழன்றபடி விழும் அந்தப் பொருள் நியூத்திரன் நட்சத்திரத்தையும் முறுக்கி ஏற்றிவிடும். மறுசுழற்சி என்று இதைச் சொல்வார்கள்.

இந்த விளக்கம் சரியென்றால், பொருளை இழந்த துணையின் மிச்சம் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். வெளிப்படலம் உரிந்துபோன ஒரு வெண்குறுமீனாக. அதுவும் விசித்திரமான வெண்குறுமீனாக. தனியாக வாழும் நட்சத்திரம் 0.2 சூரியத் திணிவுள்ள ஈலிய வெண்குறுமீனாக முடிய வேண்டுமானால் பிரபஞ்சத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகூடப் போதாது. அவ்வளவு சிறிய நட்சத்திரங்கள் எரிபொருளை அத்தனை சிக்கனமாகச் செலவழிக்கும். ஆக, அப்படிப்பட்ட இலேசான வெண்குறுமீன் எங்காவது கண்ணில் பட்டால், யாரோ அதன் மேற்படலத்தை உரித்தெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பல்சார்களின் துணைகள் பல இந்த வகைதான். இன்னொரு வியப்பும் உண்டு: வெண்குறுமீன்களில் இலேசானதுதான் பருமனானது. சூரியனின் 0.6 பங்குத் திணிவுள்ளது பூமி அளவு இருக்கும். 0.17 பங்குள்ளதோ பூமியைவிடப் பல மடங்கு அகலம்.

ரேடியோ சொல்லாத பாதி

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போகும்போது உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருவன் கேட்டான்: "பல்சாரைத்தான் கண்டுபிடிச்சிட்டாங்கள்தானே சேர், பிறகேன் அந்த மங்கல் புள்ளியத் தேடித் திரியிறாங்கள்?"

மிகச் சரியான கேள்வி. அதற்கு ஓர் உண்மையான பல்சாரை வைத்தே பதில் சொல்கிறேன். ஜே1012+5307 என்பது பெருங்கரடி உடுத்தொகுதியில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஜொட்ரல் பாங்க் தொலைகாட்டியால் கண்டறியப்பட்டு 1995 இல் அறிவிக்கப்பட்டது. சப்தரிஷி மண்டலம் நமக்குத் தெரியும் வடக்கு வானப் பக்கம்தான் அது.

இந்தப் பல்சாரின் துடிப்புகள் ஒரே சீராக வந்து சேர்வதில்லை. பல்சார் தன் பாதையில் நமக்குச் சற்றே அருகில் இருக்கும்போது துடிப்பு முந்தி வரும். அப்பால் போகும்போது பிந்தி வரும். முந்துவதும் பிந்துவதும் அதிகபட்சம் 0.58 செக்கன். ஒளி 0.58 செக்கனில் ஏறக்குறைய 1,74,000 கிலோமீற்றர் போகும். ஆகவே நம் பார்வைத் திசையில் அளந்தால் பல்சாரின் வட்டப் பாதையின் ஆரை அதுதான். ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் 14.5 மணி, அதாவது கிட்டத்தட்ட 52,200 செக்கன். சுற்றளவை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். செக்கனுக்கு 21 கிலோமீற்றர் வருகிறதா? பல்சாரின் வேகம் அவ்வளவு. சாதாரண கல்குலேட்டர் போதும்.

ஆனால் இந்த ஒரு வேகத்தை மட்டும் வைத்துத் திணிவைச் சொல்ல முடியாது. இலேசான துணை நமக்கு விளிம்பாகத் தெரியும் தளத்தில் சுற்றுகிறதா, பாரமான துணை நம்மை நோக்கி முகம் காட்டிச் சரிந்த தளத்தில் சுற்றுகிறதா என்ற சந்தேகம் அப்படியே நிற்கும். துணையின் வேகமும் தெரிந்தால்தான் வழி பிறக்கும். துணை ரேடியோவில் பேசாது. அதன் ஒளியைத்தான் பிடிக்க வேண்டும்.

1995 இலேயே அந்த இடத்தில் 20 ஆம் ஒளித்தரத்தை (எண் கூடக் கூட மங்கல்) ஒட்டிய ஒரு நீலச் சாயல் புள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த வருடம் வான் கெர்க்வைக், பெர்ஜரோன், குல்கர்ணி ஆகிய மூவரும் அதன் நிறமாலையைப் பிரித்துப் பார்த்தார்கள். நிறமாலையில் ஐதரசனின் கரும் வரிகள் இருந்தன. நம் ஆய்வுகூடத்தில் ஐதரசனின் ஒரு வரி 486.1 நானோமீற்றரில் வரும். வெண்குறுமீன் நம்மை நோக்கி வரும்போது அது நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம் நகரும். டொப்ளர் விளைவு. வேகம் செக்கனுக்கு 220 கிலோமீற்றர் அளவில் இருந்தால் அந்த வரி 0.36 நானோமீற்றர் மட்டுமே இடம் மாறும். இவ்வளவு மங்கலான புள்ளியில் அந்தச் சிறு நகர்வை அளக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும்.

துணை செக்கனுக்கு ஏறக்குறைய 220 கிலோமீற்றர், பல்சார் 21. பொதுத் திணிவு மையத்தைச் சுற்றும் இரண்டு பொருள்களில் பாரமானது மெதுவாகவும் இலேசானது வேகமாகவும் போக வேண்டும். திணிவையும் வேகத்தையும் பெருக்கினால் இரண்டுக்கும் ஒரே தொகை. ஆக, பல்சார் துணையைவிட ஏறக்குறைய பத்தரை மடங்கு பாரம். பாதை எந்தக் கோணத்தில் சரிந்திருந்தாலும் இரண்டு வேகங்களும் ஒரே அளவில்தான் குறைந்து தெரியும். விகிதம் எடுக்கும்போது அந்தக் கோணம் வெட்டுப்பட்டுப் போய்விடும். இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

விகிதம் கிடைத்துவிட்டது. இனித் துணையின் திணிவு வேண்டும். அதையும் அந்தக் கரும் வரிகளே தருகின்றன. மேற்பரப்பில் ஈர்ப்பு கூடினால் வாயு நெருக்கப்பட்டு, வரிகள் அகன்று பரவும். வரியின் அகலத்திலிருந்து ஈர்ப்பும், நிறத்திலிருந்து வெப்பநிலையும் தெரியும். வெண்குறுமீனில் திணிவுக்கும் பருமனுக்கும் ஒரு கட்டான தொடர்பு உண்டு என்பதால் இந்த இரண்டும் சேர்ந்து திணிவைக் கொடுத்துவிடும். ஜே1012+5307 இன் துணைக்கு அண்மைக் கணிப்பு ஏறக்குறைய 0.165 சூரியத் திணிவு. பத்தரையால் பெருக்குங்கள். பல்சாருக்கு ஏறக்குறைய 1.7 சூரியத் திணிவு வரும். வழுவும் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு இதுதான் விடை. பல்சார் தன்னை நிறுக்க ஒரு தட்டைத்தான் கொடுக்கிறது. மற்றத் தட்டு துணையிடம் இருக்கிறது.

ஆளை மாறிப் பிடிக்கும் ஆபத்து இல்லையா என்று கேட்கலாம். பெரிய தொலைகாட்டியில் எந்தப் பக்கம் பார்த்தாலும் மங்கல் புள்ளிகள் குவிந்து கிடக்கும்தான். ஆனால் ரேடியோ நேரக்கணிப்பு பல்சாரின் இடத்தை ஒரு விகலையின் (பாகையின் 3,600 இல் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஒரு பங்கு வரையும் துல்லியமாகச் சொல்லும். பழைய காலத்தில் ஒளிப்படத்தின் வரைபடம்தான் அவ்வளவு துல்லியமாக இல்லை. ஐரோப்பாவின் கையா விண்கலம் நூறு கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தை அளந்த பிறகு அந்தத் தலையிடியும் போய்விட்டது. அதற்கும் மேலே உறுதி வேண்டுமென்றால் வேகம் இருக்கிறது: புள்ளியின் டொப்ளர் ஆட்டம் பல்சாரின் சுற்றுக்காலத்தோடு அச்சொட்டாகப் பொருந்தினால் வேறு ஆளாக இருக்க முடியாது.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் இருக்கும் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி நாட்டில் பெரியது. மாணவர்களுக்கு அது ஒரு பொக்கிஷம். ஆனால் இந்த வேலைக்குரிய நிறமாலையை எடுக்க அது போதாது. சிலியின் பாலைவனத்திலுள்ள விஎல்ரி தொலைகாட்டிகளின் ஆடி 8.2 மீற்றர். அது 300 மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கும். அதற்கும்கூட நினைத்தபடி நீண்ட நேரம் படம் எடுத்துக்கொண்டிருக்க வழியில்லை. இரண்டரை மணிக்கு ஒரு தடவை சுற்றும் துணையை ஒரு மணி நேரம் தொடர்ந்து படம் எடுத்தால், வரி நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே நகர்ந்து குழம்பிப்போகும். ஆகவே துண்டு துண்டாக, சில நிமிடங்களாகத்தான் எடுக்க வேண்டும். துண்டு சிறியதானால் ஒளி குறையும். பெரிய ஆடி தேவைப்படுவதன் காரணம் பாதி இதுதான்.

வயதைச் சொல்லும் சூடு

என்னைக் கேட்டால் திணிவுக் கதையைவிட இந்தக் கதை சுவையானது.

பல்சார் மெதுவாகும் வீதத்தை வைத்து அதற்கு ஒரு வயது கணக்கிடலாம். ஆனால் அது பிறக்கும்போது எவ்வளவு வேகத்தில் இருந்தது என்பதைத் தெரியாமல் போடும் கணக்கு. வெண்குறுமீனோ தனிக் கடிகாரம். பொருள் வழிவது நின்ற நாளிலிருந்து அது ஆறத் தொடங்குகிறது; இன்றைய சூட்டைப் பார்த்து எவ்வளவு காலமாக ஆறுகிறது என்று சொல்லலாம். ஒரே வீட்டில் இரண்டு கடிகாரங்கள்.

இதை முதலில் பயன்படுத்திக் காட்டியவர் குல்கர்ணி. 1986 இல் பி0655+64, பி0820+02 என்ற இரண்டு இரட்டைப் பல்சார்களின் துணைகளை ஒளியில் அடையாளம் கண்டார். இவை மில்லிசெக்கன் பல்சார்கள் அல்ல, கொஞ்சம் மெதுவானவை. முதலாவதன் துணை நன்றாக ஆறிப்போயிருந்தது. அப்படியென்றால் அதன் வயது பல நூறு கோடி ஆண்டு. நியூத்திரன் நட்சத்திரத்தின் காந்தப்புலம் சில கோடி ஆண்டுகளில் அழிந்துவிடும் என்றுதான் அன்று பலர் நம்பினார்கள். ஆனால் இந்தக் கிழட்டுப் பல்சார் இன்னும் காந்தப்புலத்தோடு துடித்துக்கொண்டிருந்தது. புலம் ஓர் அளவுக்குக் கீழே குறையாமல் நின்றுவிடுகிறது என்ற முடிவுக்கு அந்த மங்கல் புள்ளியின் குளிர்ச்சிதான் சாட்சி.

பிறகு வந்தது ஜே1012+5307 போட்ட புதிர். பல்சார் மெதுவாகும் வீதம் காட்டிய வயது ஏறக்குறைய 700 கோடி ஆண்டு. துணையின் மேற்பரப்போ 8,500 கெல்வின் அளவில், சூரியனைவிடச் சூடு. அன்றைய கணக்குப்படி அந்தச் சூட்டுக்கு அது ஆறத் தொடங்கி 30 கோடி ஆண்டுதான் ஆகியிருக்க வேண்டும். எழுநூறு எங்கே, முப்பது எங்கே! பல்சாரின் கணக்கு பிழை என்று சிலர் சொன்னார்கள். வெண்குறுமீனின் கணக்குத்தான் பிழை என்று வேறு சிலர்.

சிக்கல் அவிழ்ந்தது வெண்குறுமீன் பக்கத்தில். மிக இலேசான ஈலிய வெண்குறுமீன் உரிந்து முடியும்போது அதன் மேலே தடிப்பான ஐதரசன் போர்வை ஒன்று எஞ்சுகிறது. அந்தப் போர்வையின் அடிப்பகுதியில் அணுக்கரு இணைவு மெல்லியதாக, ஆனால் நிற்காமல், தொடர்ந்து நடந்துகொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் செத்த நட்சத்திரம், உள்ளே நீறு பூத்த நெருப்பு. அந்த நெருப்பு பல நூறு கோடி ஆண்டுகளுக்கு அதைச் சூடாக வைத்திருக்கும். 1990களின் பிற்பகுதியில் இந்த மாதிரிகளைக் கணினியில் செய்து பார்த்தபோது இரண்டு கடிகாரங்களும் கிட்ட வந்தன.

சற்றுப் பாரமான, ஏறக்குறைய 0.2 சூரியத் திணிவுக்கு மேற்பட்ட துணைகளில் கதை வேறு. அங்கே ஐதரசன் குபீரென்று பல தடவை பற்றி எரிந்து போர்வையைத் தின்றுவிடும். மெல்லிய போர்வையோடு அவை சீக்கிரம் ஆறும். பிக்டரில் இருக்கும் நம் ஜே0437 இன் துணை 0.22 சூரியத் திணிவு. மேற்பரப்பு ஏறக்குறைய 4,000 கெல்வின்தான், செந்நிறச் சாயல். வெண்குறுமீன் என்று பெயர் இருந்தாலும் வெள்ளை கிடையாது. திணிவில் இத்தனை சிறிய வித்தியாசம் ஆறும் வேகத்தை இவ்வளவு மாற்றிவிடுகிறது. வானத்தில் அருகருகே நிற்காத இந்த இரண்டு துணைகளையும் ஒளியில் அளந்திருக்காவிட்டால் அது வெறும் கணினி ஊகமாகவே இருந்திருக்கும்.

பாரமான பல்சார்கள்

நியூத்திரன் நட்சத்திரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அணுக்கருப் பௌதிகத்தின் பெரிய கேள்வி. அந்த அளவு அடர்த்தியில் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பூமியில் எந்த ஆய்வுகூடத்திலும் செய்து பார்க்க முடியாது. ஆகவே பாரமான பல்சார் ஒன்று கிடைத்தால் பல கோட்பாடுகள் ஒரே நாளில் விழுந்துவிடும்.

2010 இல் ஜே1614−2230 இன் திணிவு ஏறக்குறைய 2 சூரியத் திணிவு என்று வந்தது. அது ரேடியோவால் மட்டும் கிடைத்த விடை: துணையின் ஈர்ப்பில் துடிப்பு தாமதமாவதை அளந்தார்கள். பாதை ஏறக்குறைய நேர் விளிம்பாகத் தெரிந்ததால் அது சாத்தியமானது. அதன் வெண்குறுமீனை அடுத்த வருடம் வருண் பாலேராவும் குல்கர்ணியும் ஒளியில் பிடித்தார்கள். 24 ஆம் ஒளித்தரத்துக்கும் மங்கல்.

ஒளியின் முறையால் வந்த பெரிய செய்தி 2013 இல் ஜே0348+0432. ஜோன் அன்ரோனியாடிஸ் தலைமையிலான குழு விஎல்ரியில் துணையின் நிறமாலையை எடுத்தது. துணை செக்கனுக்கு 350 கிலோமீற்றர் வேகம். சுற்று 2.46 மணி. அப்போது கிடைத்த பல்சார் திணிவு 2.01 சூரியத் திணிவு. இத்தனை பாரமான பல்சாரும் வெண்குறுமீனும் இவ்வளவு நெருக்கமாகச் சுற்றுவதால், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலைச் சோதிக்கவும் அது உதவியது.

இதில் ஒரு பின்கதையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கனடாவின் சைம் ரேடியோத் தொலைகாட்டியின் பல வருடத் துடிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 2024 இல் அதன் திணிவு 1.8 அளவுக்கு இறங்கியது. வெண்குறுமீனின் ஈர்ப்பை வரியின் அகலத்திலிருந்து படிக்கும்போது நாம் அதன் வளிமண்டல மாதிரி ஒன்றை நம்பியிருக்கிறோம். 10,000 கெல்வினை ஒட்டிய சூட்டில் அந்த வளிமண்டலம் கொதித்துப் புரளும். மாதிரி எழுதக் கடினமான இடம் அது. வேக விகிதம் உறுதியான பாதி. துணையின் திணிவு மாதிரியில் தொங்கும் பாதி. ஒரு பல்சார் திணிவைப் பற்றிப் படிக்கும்போது அது எந்த வழியால் வந்தது என்று பார்த்துவிட்டு நம்புவது நல்லது.

தெரியாமல் போனால்

சில சமயம் புள்ளியே கிடைக்காது. ஜே2222−0137 இல் துணை இருப்பது ரேடியோவில் சந்தேகமின்றித் தெரியும். ஏறக்குறைய சூரிய அளவுத் திணிவு அல்லது அதற்கும் மேல். தூரமும் அதிகமில்லை, 900 ஒளியாண்டை ஒட்டி. 2014 இல் டேவிட் கப்லனும் கூட்டாளிகளும் சோர், கெக் தொலைகாட்டிகளால் ஆழமாகத் தேடியும் அகப்படவில்லை. அப்படியென்றால் அது 3,000 கெல்வினுக்கும் கீழே ஆறிப்போயிருக்க வேண்டும். அந்தச் சூட்டில் காபன், ஒட்சிசன் நிறைந்த அதன் உள்ளகம் பளிங்காக உறைந்திருக்கும். அதனால்தான் பத்திரிகைகள் அதை வைர நட்சத்திரம் என்று எழுதின. காணாமல் போனதும் ஓர் அளவீடுதான், எவ்வளவு ஆழம்வரை தேடினோம் என்பது தெரிந்திருந்தால்.

எதிர்ப் பக்கத்தில் ஜே0337+1715. ஒரு பல்சார், இரண்டு வெண்குறுமீன்கள். உள்ளே இருப்பது 1.6 நாளில் சுற்றும், வெளியே இருப்பது 327 நாளில். 2014 இல் ஸ்கொட் ரன்சமும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். உள்துணை 15,000 கெல்வினுக்கு மேல், நன்றாகத் தெரியும். பாரமான பொருளும் இலேசான பொருளும் ஒரே மாதிரி விழுமா என்ற பழைய கேள்வியை இங்கே சோதித்தார்கள்: பல்சாரும் உள்துணையும் வெளித்துணையை நோக்கி ஒரே முடுக்கத்தில்தான் விழுகின்றன என்று 2018 இல் முடிவு வந்தது. ஒளியில் பார்த்தது உள்துணையின் சூட்டையும் பருமனையும் தனி வழியால் சரிபார்க்க உதவியது.

நீங்களே பார்க்க

பெரிய தொலைகாட்டி இல்லாவிட்டாலும் இந்தப் புள்ளிகளைக் காணலாம். ஸ்ட்ராஸ்பூர்க் வானியல் தரவு நிலையம் நடத்தும் அலடின் என்ற இலவச வான்படத் தளம் போனிலேயே திறக்கும். தேடும் பெட்டியில் 10 12 33.4 +53 07 02 என்று கொடுத்து, ஸ்லோன் படத் தொகுப்பைத் தெரிவு செய்து நன்றாகப் பெரிதாக்குங்கள். நடுவில் நிற்கும் நீலச் சாயல் புள்ளிதான் ஜே1012+5307 இன் துணை. இதிலிருந்து தொடங்குவது நல்லது, ஓரளவு பிரகாசமானது. அப்புறம் 04 37 15.9 −47 15 09 கொடுத்து, டார்க் எனர்ஜி சர்வே படத்துக்கு மாற்றிப் பாருங்கள். அந்தச் சோடி வானத்தில் ஆண்டுக்கு 0.14 விகலை நகர்வதால் புள்ளி குறித்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு விகலை தள்ளி நிற்கலாம். இரண்டையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்து நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்: 8,500 கெல்வினுக்கும் 4,000 கெல்வினுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.